குட்டையில் நான் உடைத்த முட்டைகள்

சாமி, நம்ம ஊர் ஏரி நிரம்பிவிட்டது! போனில் சொன்னால் "அப்படிங்களாம்மா, சந்தோசம்" என்று முடித்துவிடுவாய் என்றுதான், உன் பழைய காலேஜ் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ சைக்கிள் ஓட்டிப் பழகினாயே, வேலிக்கருவேல முள் குத்தி டியூப் டியூபாகப் போனதே, அந்த இடத்தில் இப்போது ஆள் மூழ்கும் தண்ணீர். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த ஏரியில் தண்ணீரை நாலைந்து தடவை பார்த்திருப்பேன், அதுவும் முழங்கால் அளவு. இந்த வருசம் மேலே இருக்கிற ஏரி நிறைந்து, அது வழிந்து நம்ம ஏரிக்கு வந்து, கரை விளிம்பு வரை ஏறிவிட்டது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. உங்கப்பா லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குக்கூட வராமல் நேராகக் கரைக்குப் போனார். நான் காலையில் கோழிகளுக்குத் தீவனம் போட்ட கையோடு கரைமேல் போய் நின்றுகொள்கிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா நிற்கிறேன், சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

அதைவிடப் பெரிய சேதி ஒன்று. ஏரியில் மீன் வளர்க்கிற குத்தகை நம்ம மகளிர் குழுவுக்கே கிடைத்துவிட்டது. பதிமூன்று பேர் இருக்கிறோம், அதில் நீச்சல் தெரிந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது! கோழிப்பண்ணை வைத்திருக்கிற நான், தறி ஓட்டுகிற நாலு பேர், ஆட்டையாம்பட்டிக்கு முறுக்குச் சுற்றப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், எல்லோரும் சேர்ந்து மீன் வளர்க்கப் போகிறோம். மீன்வளத்துறையிலிருந்து ஒரு ஆபீசரம்மா வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். பேனா பிடித்தே இருபது வருசம் ஆகிறது என்று சொன்ன ராசம்மா அக்கா பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். மீன்குஞ்சு மேட்டூர்ப் பக்கமிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்குகிறது. கரையில் முள் வெட்டியாகிவிட்டது, வலை சொல்லியாகிவிட்டது, யார் எந்தக் கிழமை காவல் என்பதில் இரண்டு சண்டையும் போட்டு முடித்தாகிவிட்டது.

முதல் பையை நீதான் ஏரியில் விட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைக் கேட்கத்தான் செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "வேண்டாங்கம்மா. எங்கைக்கு மீன் ராசி இல்லைன்னு ஊருக்கே தெரியும். பதிமூணு பேரு பொழப்புல நான் கை வெக்க மாட்டேன். வேற நல்ல கையாப் பாருங்க." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஓசூரில் மழை பெய்கிறதா என்று கேட்டால் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சாதாரணமாகச் சொன்னாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் முழுசாக இருந்தது சாமி. உன் கைக்கு ஒரு குறையும் கிடையாது என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை இத்தனை வருசமாகச் சொல்லாமல் இருந்தவளும் நான்தான். இன்றைக்குச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் நாளைக்குக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறேன். ஊர் உன்மேல் சொன்ன சொல்லை ஊர் முன்னால்தான் அழிக்க வேண்டும்.

கொரோனா வந்த அந்தப் பங்குனி மாதத்துக்குப் போவோம். நீ படிப்பை முடித்துவிட்டு, தெற்குக் காட்டில் குட்டை வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டு ஆறேழு மாதம் ஆகியிருந்தது. நான் உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். நாமக்கல் சீமையில் பிறந்துவிட்டு, கோழியை விட்டுவிட்டு எவனாவது மீனை நம்புவானா என்று கேட்டேன். ஆனால் சாயங்காலம் நீ தகர டப்பாவைத் தட்டினதும் குட்டை முழுக்கத் தண்ணீர் கிளம்பி, மீனெல்லாம் உன் காலடிக்கு ஓடிவருமே, அதைப் பார்க்கிறதற்காகவே வாசல் வேலையை அப்படியே போட்டுவிட்டு வருவேன். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நீ ஜெயித்துவிட்டதாக ஆகிவிடுமே!

முதலில் அடி வாங்கியது என் கோழிதான். கோழியிலும் முட்டையிலும் கொரோனா இருக்கிறது என்று எவனோ கிளப்பிவிட்டான். செல்போனில் அது ஊர் ஊராகச் சுற்றியது. அடுத்து ஊரடங்கு. முட்டை ஏற்றப் போன வண்டிகள் நின்றன, பள்ளிக்கூடம் மூடியதால் சத்துணவு முட்டையும் நின்றது. உங்கப்பா லாரியோடு பீகாரில் ஏதோ ஒரு ஊரில் மாட்டிக்கொண்டார். மக்காச்சோளம் வரவில்லை என்பதால் கோழிக்குத் தீவனத்தைப் பாதியாக்கினோம். அரை வயிற்றோடும் அதுகள் முட்டை போட்டுக்கொண்டேதான் இருந்தன, ஊரடங்கு என்று அதுகளுக்கு யார் சொல்வது? ஷெட்டில் அட்டைமேல் அட்டையாக முட்டை உயர்ந்துகொண்டே போயிற்று. தெருவில் சும்மா கொடுத்துப் பார்த்தேன். ராசம்மா அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "வேண்டாஞ்சாமி, புள்ளைங்க இருக்கிற ஊடு, அங்கயே வெச்சுட்டுப் போயிரு" என்றார். ஒரு பக்கம் அரிசி வாங்க ரேஷன் கடையில் நீள வரிசை. இன்னொரு பக்கம் என் ஷெட்டில் மலையாக முட்டை. இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு அடி தூரம்கூட இல்லை, ஆனால் அந்த முட்டை இந்த வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

உன் பாடும் அப்படித்தான் இருந்தது. அரிசி ஆலை மூடியதால் தவிடு கிடையாது, செக்கு மூடியதால் புண்ணாக்கு கிடையாது, மீன் தீவன மூட்டை எங்கோ செக்போஸ்ட்டில் நின்றுபோயிற்று. ஆனால் நீ துவண்டுபோகவில்லை! நாகப்பட்டினத்து மீன் லாரி வரவில்லை, மேட்டூர் மீனும் வரவில்லை, கறிக்கடை எல்லாம் சாத்திக் கிடக்கிறது, சனங்கள் நாக்கு செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், இதுதான் நேரம் என்று துள்ளினாய். ஒரு சின்ன யானை லோடு வண்டியில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஏற்றி, உயிர் மீனாகவே வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று திட்டம் போட்டாய். அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டாய். தினமும் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, சிக்னல் பிடித்து, ஆட்டையாம்பட்டி வரைக்கும் யார் யாருக்கு எத்தனை கிலோ என்று கேட்டு எழுதிக்கொண்டாய். வெள்ளிக்கிழமை வலை போடுவதாக ஏற்பாடு. தொட்டிமேல் நின்று நீ போனில் கத்திப் பேசுவது கோழி ஷெட் வரைக்கும் கேட்கும். என் மகனுக்கு என்ன குரல் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான் செய்ததைக் கேள். அந்த வாரம் முட்டை கெட ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் எத்தனை நாள்தான் தாங்கும்? பக்கத்துப் பண்ணைகளில் குழி வெட்டிப் புதைத்தார்கள். எனக்கு அதற்கு மனசு ஒப்பவில்லை. சாப்பிடுகிற பொருளை மண்ணில் போட்டு மூடுவது எனக்குப் பாவமாகப்பட்டது. இந்தப் பக்கம் உன் மீன் பட்டினி. டப்பா தட்டாமலேயே கரையோரம் வந்து வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டுப் போகும். என் புத்தி வேலை செய்தது, கெட்ட நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். முட்டை சத்துதானே, மீனுக்கும் சத்துதானே வேண்டும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நீ தொட்டிமேல் இருந்தபோது பத்து அட்டை முட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அட்டைக்கு முப்பது. உன் தகர டப்பாவைத் தட்டினேன். நீ தட்டினால் எப்படி வருமோ அப்படியே வந்தன. உடைத்து உடைத்து ஊற்றினேன், ஆசை ஆசையாகத் தின்றன. ஓட்டைக் கொண்டுபோய்த் தென்னை மரத்துக்குப் போட்டேன். புதன்கிழமை இருபது அட்டை. வியாழக்கிழமை நாற்பது. கூமுட்டை, நல்ல முட்டை என்று பார்க்கவில்லை. கடைசியில் மீன் தின்னவில்லை, மஞ்சளாகத் தண்ணீர்மேல் படர்ந்து நின்றது. காலையில் தின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது, காற்றுகூட இல்லை.

விடிகிற நேரத்தில் நீ போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, ஓடி வாங்க! மீனெல்லாம் மேல வந்திருச்சு!" ஓடி வந்தேன். குட்டை முழுக்க வாய்கள். அத்தனை மீனும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, வாயை மேலே தூக்கி, காற்றை விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் பெரிய கட்லா நாலைந்து வெள்ளையாகப் புரண்டு கிடந்தன. தண்ணீரில் நுரை. அந்த நாற்றம் மூக்கில் ஏறினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது சாமி. தெரியாது என்று இன்றைக்கு எழுதிவிட்டால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் தெரிந்தது. கோழிப்பண்ணைக்காரிக்குக் கூமுட்டை நாற்றம் தெரியாதா? நீ படித்த பிள்ளை, ஆனால் பதற்றத்தில் உனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. பாசி அழுகிவிட்டது என்றாய், தண்ணீருக்கு மூச்சுப் போய்விட்டது என்றாய், எப்படியாவது காற்றுக் கொடுக்க வேண்டும் என்று கத்தினாய்.

அடுத்து நீ செய்தாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரிக்கு குப்புசாமி அண்ணன் வீட்டுக்கு ஓடினாய். ஆழ்துளைக் கிணறு போடுகிற அவர் வண்டி ஊரடங்கில் ஆள் இல்லாமல் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பாறையைத் துளைக்கக் காற்றடிக்கிற பெரிய கம்ப்ரெசர் அதில் இருக்கிறதே, அந்தக் காற்று வேண்டும் என்று கேட்டாய். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், "ஏன்டா, அது ஆயிரம் அடிக்கு ஊதற மிசினு, உன்ற மீனு வானத்துக்குப் போயிருமடா!" என்றார். சொல்லிக்கொண்டே வாயைக் கொப்பளித்துவிட்டு வண்டியில் ஏறினார். என் முருங்கைக் கன்று இரண்டையும் நசுக்கிக்கொண்டு, வரப்பை உடைத்துக்கொண்டு அந்த யானை உருவ வண்டி காட்டுக்குள் வந்து நின்றது. அதற்குள் நீ மஞ்சள் காட்டிலிருந்து சொட்டுநீர்க் குழாய்களை உருவி, குட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீச்சலடித்து இழுத்துப் போட்டிருந்தாய். "மெதுவாங்கண்ணா, மெதுவா!" என்று நீ கத்த, அவர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். குழாயின் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் குமிழ் கிளம்பியது. குட்டை உலை கொதிக்கிற மாதிரி ஆயிற்று. மீன்கள் குமிழ் வருகிற இடத்துக்கு நகர்ந்து நகர்ந்து வந்து கூடின. குப்புசாமி அண்ணன் வண்டிமேல் நின்று விசில் அடித்தார். நான் அழுதுகொண்டே கை தட்டினேன்.

பாதிக்குக் கொஞ்சம் மேல் பிழைத்தன. மீதி சுருண்டுகொண்டே வந்தன. சாகட்டும் என்று விடாமல், உயிர் இருக்கும்போதே வலையில் அள்ளிக் கரையில் போட்டாய். அதை விற்கலாம் என்று குப்புசாமி அண்ணன் சொன்னதற்கு, "உயிர் மீன்னு சொல்லி ஆர்டர் வாங்கியிருக்கறனுங்க, இதைக் கொண்டுபோய் விக்க மாட்டனுங்க" என்றாய். யாருக்குக் கொடுப்பது என்று நிற்கும்போதுதான் மில் லைன் ஞாபகம் வந்தது. மில் மூடிய நாளிலிருந்து, அங்கே வேலைக்கு வந்த ஒடிசாப் பிள்ளைகள் லைன் வீட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊருக்குப் போக ரயில் இல்லை, சம்பளம் இல்லை, யாரோ கொடுத்த அரிசியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். போய்ச் சொன்னதும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் சுமித்ரா என்று ஒரு பெண், கரையில் கிடந்த மீனைப் பார்த்ததும், "அக்கா! ரோகு! எங்க ஊரு ரோகு!" என்று குதித்தாள். நாம் முள் என்று ஒதுக்குகிற மீன் அது, அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கேயே அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு விறுவிறு என்று நறுக்கினாள். கடுகை அரைத்து, மஞ்சள் போட்டு, நம்ம காட்டிலேயே அடுப்புக் கூட்டிக் குழம்பு வைத்தார்கள். லைனில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கு ஆறடி தள்ளி வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குப்புசாமி அண்ணன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

நீ மட்டும் சாப்பிடவில்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றபோது சொன்னாய்: "நாந்தானுங்கம்மா கொன்னுட்டேன். சொன்ன கணக்குக்கு மேல குஞ்சு உட்டுட்டேன். ஆசைப்பட்டுட்டேன்." அந்த நிமிடம்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே! படிச்ச திமிரு!" என்று சொன்னேன். மீனைக் கொன்றது முட்டை. உன்னைக் கொன்றது அந்த வார்த்தை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருசம் யோசித்திருக்கிறேன். உங்கப்பா பீகாரில், கோழி பட்டினியில், என்னால் எதையும் காப்பாற்ற முடியவில்லை என்று இருந்தேன். அதோடு சேர்த்து இதையும் என் தலையில் ஏற்றிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. பழியை எடுத்துக்கொள்ள நீயே கையை நீட்டினாய், நான் கொடுத்துவிட்டேன். இது காரணம்தான், மன்னிப்புக் கேட்கிற தகுதி அதற்குக் கிடையாது.

மிச்ச மீனை அடுத்த வாரம் நீ வாசல் வாசலாகக் கொண்டுபோய் உயிரோடு விற்றாய். பீப்பாயில் மீன் துள்ளுவதைப் பார்க்கத் தெருவே வெளியே வந்தது. அந்தச் சந்தோசம்கூட உன் முகத்தில் ஒட்டவில்லை. ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. அந்தப் பையன் கைக்கு மீன் ராசி இல்லை, விட்டது பாதி செத்துப்போச்சு என்றார்கள். உன் மாமா பையன் குட்டை வெட்டியபோது முதல் குஞ்சு விட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள், நீ ஒதுங்கி நின்றாய், நான் பார்த்தும் பேசாமல் இருந்தேன். உங்கப்பா வந்து சேர்ந்ததும் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்றாய். அன்றைக்குப் பை தூக்கியவன் இதுவரைக்கும் தெற்குக் காட்டுப் பக்கமே போகவில்லை. மீனும் சாப்பிடுவதில்லை. கேட்டால் சனிக்கிழமை என்பாய், அமாவாசை என்பாய், வயிறு சரியில்லை என்பாய். எனக்குக் கிழமை பார்க்கத் தெரியும் சாமி.

பயிற்சியின் மூன்றாவது நாள் ஆபீசரம்மா கரும்பலகையில் எழுதிப் போட்டார், குளத்தில் எதைக் கொட்டக் கூடாது என்று. மிச்சச் சோறு, கோழிக் கழிவு, கெட்டுப்போன முட்டை. அது அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மேகமூட்டமாக இருந்தால் விடிகாலையில் மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றார். மத்தியானம் அவர் டீ குடிக்கும்போது தனியாகப் போய் உன் குட்டையின் நீளம், அகலம், ஆழம், நீ விட்ட குஞ்சு எல்லாம் சொன்னேன். எண்ணிக்கையை மறந்திருப்பேனா? அது அதிகமா என்று கேட்டேன். "கொஞ்சம் நெருக்கம்தான். ஆனா நல்லா பாத்துக்கிட்டா வளந்திருக்கும்மா, அதனால மட்டும் ஒரே நாள்ல பாதி மீன் சாகாது," என்றார். நீ ரிக்கு வண்டியில் காற்று விட்ட கதையையும் சொன்னேன். டீயை வைத்துவிட்டு, "யாரும்மா அந்தப் பையன்? அவன்தான் பாதியைக் காப்பாத்தியிருக்கான்!" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சந்தோசம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழுவில் என்ன மீன் விடுவது என்று பேச்சு வந்தபோது ராசம்மா அக்கா, "ரோகு வேண்டாம், முள்ளு, ஆரு திம்பாங்க?" என்று சண்டைக்கு வந்தார். நான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மில் லைனுக்குப் போனேன். இப்போது அங்கே முன்னைவிட ஆள் அதிகம். சுமித்ரா திரும்பி வந்து மூன்று வருசமாக அங்கேதான் இருக்கிறாள், தமிழில் என்னைவிட வேகமாகச் சண்டை போடுகிறாள்! ஏரியில் ரோகு விட்டால் எங்கள் லைனே வாங்கிக்கொள்ளும் என்று அடித்துச் சொன்னாள். அன்றைக்கு நம் காட்டில் சாப்பிட்டதை இன்னும் பேசுகிறார்களாம். நாளைக்கே இன்னொரு நோய் வந்து சாலையை அடைத்தாலும், லாரி நின்றாலும், கடல்மீன் வராவிட்டாலும், இந்த ஏரியில் மீன் இருக்கும், நடந்து போய் வாங்குகிற தூரத்தில் சனம் இருக்கும். இதை நீ அன்றைக்கே தொட்டிமேல் நின்று கத்தினாய். எங்களுக்கு இப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது.

உனக்கு நான் புத்தி சொல்கிற நிலைமையில் இல்லை. இருந்தாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்களிடம் ஒரு தப்புச் செய்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. நாள் தள்ளினால் கூமுட்டைதான், ஓடு நன்றாக இருக்கும், உடைக்கத்தான் பயமாக இருக்கும். அப்புறம், வேறு யாராவது பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்தால் உடனே கொடுத்துவிடாதே. எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை முன்னால் போய்விடும் என்று உனக்குத் தெரியும். உனக்கும் அந்த வாய்தான், ஜாக்கிரதையாக இரு.

வியாழக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். வாசித்துவிட்டேன் சாமி! பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம். நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்துவிட்டது, கூட்டத்துக்கு வந்திருந்த சுமித்ராதான் தண்ணீர் கொடுத்தாள். முடித்தேன். ராசம்மா அக்கா எழுந்து வந்தார், நாலு வார்த்தை திட்டப் போகிறார் என்று நின்றேன். "அவங்கைக்கு ராசி இல்லைன்னு மொதல்ல சொன்னவளே நாந்தானே. நானும் ஞாயித்துக்கெழம கரைக்கு வந்து அவங்கிட்டச் சொல்லோணும்," என்று சொல்லி அழுதார். உங்கப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர், "ஏன் புள்ள, இத்தனை வருசம் வாயை மூடிட்டு இருந்தியா? நீயா?" என்றார். அப்புறம் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு தெற்குக் காட்டுக்குப் போய் உன் குட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். அதிலும் தண்ணீர் நிற்கிறதாம். நாளைக்கு ஓசூருக்கு லோடு கொண்டுவருகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை. அது உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வா. குஞ்சுப் பையை அவிழ்ப்பதற்கு முன்னால் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க விட வேண்டும், பைத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும் என்று அன்றைக்கு நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஆபீசரம்மாவும் அதையேதான் சொன்னார். காலையில் ஒன்பது மணிக்குப் பைகளை ஏரியில் மிதக்க விடுவோம். அந்த அரை மணி நேரம் கரையில் என் பக்கத்தில் நின்று, என்மேல் எவ்வளவு கோபப்பட வேண்டுமோ அவ்வளவும் பட்டுக்கொள், நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஒன்பதரைக்கு முதல் பையின் முடிச்சை உன் கையால் அவிழ்.

இப்படிக்கு,
உன் டப்பாவைத் தட்டிய அம்மா